அண்ணன் மூன்று முறை செத்த படம்

ஜனவரி 6

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால், "ஆவல் இருந்தா வந்து பாக்க வேண்டியதுதானே" என்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போய் மூன்றாம் நாள் நான் வந்து நின்றபோது, "இனிமே எனக்கு போன் பண்ணாதே. நீ வேலையைப் பாத்துக்கிட்டே 'ம்' போடுவே. சொல்ல வேண்டியது இருந்தா உக்காந்து எழுது" என்றாய். இரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சினிமாப் பத்திரிகையில் 'திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய போர்ப் படங்கள்' என்று பத்து எழுதித் தரக் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷமாக எடிட்டிங் டேபிளில் முதுகை ஒடித்துக்கொண்டவனுக்கு இப்போதுதான் மரியாதை வருகிறது. எழுத உட்கார்ந்தால் எல்லாமே நம் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்த படங்கள். இரண்டு எதிரிப் படைகளின் சமையல்காரர்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் படம். நீர்மூழ்கிக் கப்பல் படம்; அதைப் பார்த்து, "இவனுங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவனுங்க மாதிரியே முழிக்கிறானுங்க" என்று அப்பா சிரிப்பாரே, லிஃப்ட் மெக்கானிக் புத்தி. ஒரு குண்டுகூட வெடிக்காமல் தந்தி ஆபீஸிலேயே முடிந்துவிடும் படம், அம்மா தூங்காமல் பார்த்த ஒரே படம் அதுதான். இப்படி ஒன்பது சேர்ந்துவிட்டது.

பத்தாவதாக நம்ம படத்தைப் போடலாமா என்று யோசிக்கிறேன். ஒரு வாரம்கூட ஓடாத படத்தைப் போட்டால் சிரிப்பார்கள். ஆனால் நாம் அதிக முறை பார்த்தது அதைத்தானே. அண்ணன் துணை நடிகராகப் போய் இரண்டு நாளில் மூன்று முறை செத்துவிட்டு வந்தான். முதலில் பதுங்குகுழியில் நம் பக்கத்து சிப்பாயாக. அப்புறம் பாலத்தில் எதிரியாக. கடைசியில் லாரியிலிருந்து விழுந்து. "ரெண்டு பக்கமும் சண்டை போட்டவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

என் சந்தேகம் இது: பாலத்தில் சாகும்போது அவனுக்கு மீசை ஒட்டியிருந்ததா, இல்லையா? என்னிடம் படம் இல்லை. பார்த்துச் சொல்.

அப்பா எப்படி இருக்கிறார்?

சின்னவன்

*

ஜனவரி 19

தம்பிக்கு,

மீசை இருந்தது. ஒரு பக்கம் பசை விட்டுத் தொங்கியது. உன் சந்தேகம் தீர்ந்ததா?

இரண்டு வருஷம் கழித்து ஒருவன் எழுதுகிறான், முதல் பக்கம் முழுக்க சினிமா, கடைசி வரியில் அப்பா. நான் பல் செட் செய்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்கு அளவு எடுத்து மெழுகு வார்க்கிறேன், என் வாயை மூடத்தான் எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்டுக்கொள்.

அப்பாவுக்கு மறதி வந்து ஒரு வருஷம் ஆகிறது. மறதி என்றால் கண்ணாடியைத் தேடுகிற மறதி இல்லை. அம்மா எங்கே என்று என்னையே கேட்பார். நான் செய்து கொடுத்த பல் செட்டை யாருடையது என்று கேட்டு எதிர் வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் லேபுக்குப் போகும் நேரத்தில் அந்தம்மாதான் மிஷினை நம் வீட்டு ஹாலில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் அவருக்கு மறக்கவில்லை. தினமும் நாலு மணிக்கு நம்ம படத்தைப் போடுகிறார். என் பெயர் தெரியாத நாளில்கூட ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று தெரிகிறது. பதுங்குகுழியில் சாகும்போது சும்மா இருப்பார். பாலத்தில் சாகும்போது மீசையைப் பார்த்துச் சிரிப்பார். லாரியிலிருந்து விழுந்து, தொப்பி உருண்டு, முகம் நம் பக்கம் திரும்பிக் கிடக்கும் அந்த ஏழு விநாடி வந்ததும் நிறுத்திவிட்டு அழுவார். பத்து நிமிஷம். கடிகாரம் பார்த்திருக்கிறேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குதும்மா" என்பார். நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார்.

முதலில் டிஸ்க்கை ஒளித்து வைத்தேன். அந்த மூன்று நாளும் அவர் சாப்பிடவில்லை. திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டேன். பட்டாளத்துக்குப் போனவன் காணவில்லை என்று ஒரு காகிதம் வந்ததோடு சரி. இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் யாரும் அதற்காக உட்கார்ந்து அழுததில்லை. அவர் இப்போது அழுகிறார். அழட்டும்.

அக்கா

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டுடியோ மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வேலைக்குத் திரும்பிப் போக ஒரு மணி நேரம் ஆனது.

அப்பா தினமும் அழுகிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நீ பக்கத்தில் இருக்கிறாய், பழகிவிட்டது. நான் இங்கே நாலு மணி ஆனால் கடிகாரத்தைப் பார்க்கிறேன். அண்ணனைப் பற்றி 'செத்தான்' என்ற வார்த்தையை நாம் அந்தப் படத்தைத் தவிர வேறு எதற்கும் சொன்னதே இல்லை, கவனித்திருக்கிறாயா? வீட்டில் எப்போதும் 'போனான்' தான். அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். அவரையே தினமும் அவன் சாகிறதைப் பார்க்க விட்டால் எப்படி?

அதனால் ஒரு காரியம் செய்தேன். நம்ம படத்தின் உதவி டைரக்டர் இங்கேதான் இருக்கிறார், எண்பது வயது. அவர் வீட்டுப் பரணில் வெட்டிப்போட்ட துண்டுகள் மூன்று டப்பா கிடந்தது. மூக்கை மூடிக்கொண்டு முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். அக்கா, லாரி ஷாட்டின் மிச்சம் அதில் இருக்கிறது. 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறான். எழுந்து உட்கார்கிறான். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், அந்தத் தெத்துப் பல்லோடு. பேன்ட்டைத் தட்டிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்து போகிறான்.

முழுப் படத்தின் டிஸ்க்கும் அவரிடமே இருந்தது. வாங்கி, இதை அந்த ஏழு விநாடிக்குப் பின்னால் ஒட்டுப் போட்டதே தெரியாமல் சேர்த்துவிட்டேன். துண்டில் சத்தம் இல்லை. மௌனமாக நடந்தால் பேய் மாதிரி இருக்கிறது. அதனால் ஒரு பலகையில் மண்ணைக் கொட்டி, என் ஷூவோடு நானே நடந்து காலடிச் சத்தம் பதிவு செய்து போட்டேன். முப்பது தடவை நடந்தேன்.

பென் டிரைவ் இதோடு இருக்கிறது. இதை டிவியில் சொருகிவிடு, அந்த டிஸ்க்கை எடுத்து வைத்துவிடு. அம்மா விஷயத்தில் நான் செய்தது தப்புதான். இது அதற்கு ஈடு என்று சொல்லவில்லை. ஆனால் அப்பா ஒரு நாளாவது அழாமல் சாப்பிடட்டும்.

சின்னவன்

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

நீ அனுப்பியதை ஞாயிற்றுக்கிழமை போட்டேன். முதலில் நான் மட்டும் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் சிரிப்பதைப் பார்க்க எனக்கும் ஆசை, என்ன செய்ய. மூன்று பேராக உட்கார்ந்தோம், தையல்காரம்மாவும் சேர்த்து.

அவன் கண்ணைத் திறந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். அழவே இல்லை. நீ நினைத்தது நடந்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். அண்ணன் நடந்து போனான். உன் ஷூ சத்தம் கேட்டது. டிவியில் ஆள் மறைந்த பிறகும் அந்தச் சத்தம் கொஞ்சம் கேட்கிறதே, ஏன் அப்படி வைத்தாய்? அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் லிஃப்ட் முன்னால் நின்றார்.

"என்னப்பா?"

"பெரியவன் வரான். கீழ வந்துட்டான். நாலாவது மாடின்னு அவனுக்குத் தெரியுமில்ல?"

அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறார். நாலு மணிக்குப் படம், நாலே முக்காலுக்கு லிஃப்ட். எங்கே நிற்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். "ரெண்டுல நின்னுடுச்சு. இப்ப மூணு." கதவு திறக்கும், யாரோ காய்கறிப் பையோடு இறங்குவார்கள். ஒவ்வொருவரின் முகத்தையும் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "அவன் வரட்டும்" என்கிறார். பன்னிரண்டு நாளில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. நேற்று நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார். நெற்றியில் நாலு தையல்.

பழைய டிஸ்க்கைப் போட்டேன். "இது பழசும்மா. அவன்தான் எழுந்துட்டானே" என்று என்னைத் தேற்றுகிறார்.

டாக்டர், மேஸ்திரி, பல் கட்டுகிறவள், யாராக இருந்தாலும் கை வைக்கும் முன்னால் கேட்க வேண்டும். நீ கேட்டாயா? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இது ஆறிக்கொண்டிருந்த புண். பிரித்துப் பார்த்துவிட்டாய். அவனை எழுப்பிவிட்டாய். இப்போது யார் அவனைப் படுக்க வைப்பது?

அக்கா

*

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

திட்டு. எல்லாமே வாங்கிக்கொள்கிறேன். காலடிச் சத்தத்தை ஆள் மறைந்த பிறகும் விட்டது எங்கள் தொழிலில் பழக்கம். ஆள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறான் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக.

ஒன்று சொல்ல வேண்டும். எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதுகிறேன். அம்மா போனபோது படம் வெள்ளிக்கிழமை வெளியாக இருந்தது, அதனால் உடனே வரவில்லை என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. உண்மையில் எனக்கு அந்த வீட்டுக்கு வரப் பயம். மூன்றாம் நாள் நான் உள்ளே வந்ததும் அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "பெரியவன் வரலியா?" அப்போது அவருக்கு மறதி இல்லை, அக்கா. எனக்குப் பதினாலு வயதிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. தட்டைப் பார்த்துப் பேசுவார், செய்தித்தாளைப் பார்த்துப் பேசுவார். அண்ணனை யூனிஃபார்மில் பார்த்து, "சூப்பரா இருக்கேண்ணா, நெஜமாவே சேர்ந்துடு" என்று சொன்னவன் நான்தானே. அதை அவர் மன்னிக்கவில்லை என்றே இருந்துவிட்டேன்.

நான் வருகிறேன். மார்ச் எட்டாம் தேதி. வந்து அவரிடம் சொல்லிவிடுகிறேன், அது வெறும் துண்டுப் படம் என்று.

சின்னவன்

*

மார்ச் 18

அக்காவுக்கு,

நாலு நாள் இருந்துவிட்டு, உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்குக் கோபமாக இருப்பாய். சொல்ல வாய் வரவில்லை. நீ கேட்டுக்கேட்டுப் பார்த்தாய், லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அப்பாவும் நானும் தினமும் என்ன பேசினோம் என்று. எழுதுகிறேன்.

வந்த அன்று லிஃப்ட்டில் கூட்டம், பெட்டி கொள்ளவில்லை, படியேறி வந்தேன். மூன்றாவது மாடி திரும்பும்போதே மேலிருந்து குரல் கேட்டது. "பெரியவனே!" என் தலை தெரிவதற்கு முன்னால், அக்கா. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. நடையைக் கேட்டார். நான் போட்டிருந்தது அதே ஷூ. பலகை மண்ணில் முப்பது தடவை நடந்த என் நடையை தினமும் கேட்டுக் கேட்டு, அதுதான் அண்ணனின் நடை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

நீ கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நான் பெரியவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைத் தொட்டு எத்தனை வருஷம் ஆகிறது? என்னால் சொல்ல முடியவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பார்த்தாய் அல்லவா.

மறுநாள் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவராகவே பேசினார்.

"சின்னவன்கிட்ட நான் பேசுறதே இல்லடா."

"ஏம்ப்பா?"

"அவன் மூஞ்சி அப்படியே உன் மூஞ்சி. நீ போனதுக்கப்புறம் அவனைப் பாக்க முடியல. பாத்தா அழுகை வந்துரும். சின்னப் பையன் முன்னாடி அழக் கூடாதுன்னு தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் என்ன நெனச்சுக்கிட்டானோ."

நான் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அவன் வேலை பாத்த படம் எல்லாத்தையும் பாத்திருக்கேன். பேரு கடைசியிலதான் வரும். அதுக்குள்ள எல்லாரும் எழுந்து போயிடுவாங்க. பெருக்குறவன் வந்து நிப்பான். 'ஒரு நிமிஷம் இருப்பா, என் பையன் பேரு வரும்'னு சொல்லுவேன். நீ எங்கயாவது அவனைப் பாத்தா வரச்சொல்லுடா."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "கூட்டிட்டு வரேம்ப்பா" என்று சொன்னேன். அண்ணனாக இருந்து எனக்காக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவரிடம் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்டுவிட்டேன். ஆனால் கேட்டது நான் இல்லை.

அவர் படம் பார்க்கப் போனது உனக்குத் தெரியுமா?

சின்னவன்

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

தெரியாது. சில வெள்ளிக்கிழமைகளில் மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். மூன்று மணி நேரம் கழித்து மருந்து இல்லாமல் வருவார். "கடை மூடியிருந்துச்சு" என்பார். எப்போதும் மூடியிருக்கிற கடைக்கு எதற்குப் போகிறார் என்று அம்மாவும் நானும் சிரித்திருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்த பிறகு, லேபில் மெழுகை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து உட்கார்ந்துவிட்டேன். பல் டாக்டர் ஒருவருக்காகச் செய்து வைத்திருந்த மெழுகு செட்டே உருகிப்போனது.

நான் ஏன் அன்று, 'இவன் சின்னவன்ப்பா' என்று சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவர் சாப்பிட்டார், அதுதான் காரணம். மூன்று கிலோவை எப்படித் திரும்ப ஏற்றுவது என்று மட்டுமே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உன்னை நினைக்கவில்லை. அம்மா போன அன்றும், நீ வரவில்லை என்று கோபப்பட்டேனே தவிர, ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

இப்போது சங்கதி மாறிவிட்டது. நீ போன பிறகு அப்பா படம் போடுவதில்லை. ரிமோட்டைத் தொடுவதே இல்லை. நாலு மணி ஆனதும் லிஃப்ட் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பெரியவன் வந்து போய்விட்டான், நல்லா இருக்கான், அவனைப் பற்றிக் கவலை இல்லை என்று எல்லோரிடமும் சொல்கிறார். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம், "சின்னவன் வரானா பாரும்மா" என்கிறார்.

உன்னைத்தான் தேடுகிறார், தம்பி. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து உன்னைப் பற்றி இத்தனை முறை நான் கேட்டதில்லை. நேற்று தையல்காரம்மாவிடம், "அவன் கோவக்காரன். நான் கூப்பிட்டா வரமாட்டான். அதான் பெரியவன்கிட்ட சொல்லி விட்டிருக்கேன்" என்றாராம்.

டாக்டர் போன வாரம் வந்தார். இதயம் பலவீனமாக இருக்கிறது, வேறு மகன் மகள் யாராவது இருந்தால் வந்து பார்த்துவிடுவது நல்லது என்றார். நீ வரும்வரை தாங்குவார் என்று நினைக்கிறேன். வா.

அக்கா

*

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

அடுத்த வார வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், ஞாயிறு மத்தியானம் வந்துவிடுவேன். வேலையை அசிஸ்டன்ட்டிடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை வெளியாகிற படம் தானாக வெளியாகட்டும்.

பத்திரிகைக்கு ஒன்பது படம்தான் அனுப்பினேன். பத்தாவது எங்கே என்று ஆசிரியர் கேட்டார். வீட்டில் இருக்கிறது சார் என்று சொல்லி வைத்துவிட்டேன். கட்டுரையில் 'போர்ப் படத்தை முதல் தடவை யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறோம், அப்புறம் யார் திரும்பி வரவில்லை என்று பார்க்கிறோம்' என்று ஒரு வரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்ட வரி. அதையும் எடுத்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு பயம். நான் மறுபடி வந்து நிற்பேன். அதே முகம்தான், அக்கா. சின்னவன் என்று நானே சொன்னால் நம்பினாலும் நம்புவார். ஆனால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். "பெரியவன் எங்கடா? உன்னைக் கூட்டிட்டு வரேன்னானே?" என்பார். நான் என்ன சொல்லட்டும்? வேலையாகப் போயிருக்கிறான் என்றால் மறுபடியும் லிஃப்ட் முன்னால் நிற்பார். நான் அவனாக ஒரு நாள், நானாக ஒரு நாள் என்று நடிக்க முடியாது. அண்ணன் இரண்டு பக்கமும் சண்டை போட்டான். எனக்கு அந்தத் திறமை இல்லை.

பதில் எழுது. நான் கிளம்புவதற்குள் வந்துவிடும்.

சின்னவன்

*

ஏப்ரல் 13

தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், கூரியரில் போடுகிறேன். லேபுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நேற்று நகம் வெட்டி, சவரம் செய்துவிட்டேன். "யாரு வராங்க?" என்றார். "சின்னவன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்த சட்டை கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் போட்டுக்கொண்டு போவாரே, அந்தச் சட்டை.

மூன்றாவது மாடியிலேயே ஷூவைக் கழற்றிவிடு. கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி வா. அவர் சத்தத்தைக் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். "அப்பா, நான் சின்னவன்" என்று நீயே சொல். நான் பக்கத்தில் நிற்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெரியவன் எங்கே என்று கேட்டால், செத்துட்டான்னு சொல்லு. இந்த வீட்டில் ஒருத்தராவது அதைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. எத்தனையோ நாள் அவர் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வரும்போது சொல்லப் போய், "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அழுவார். பத்து நிமிஷம். நீ எழுந்து போய்விடாதே, தட்டையும் பார்க்காதே. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் அழு. நானும் வந்து உட்காருகிறேன். அண்ணனுக்காக மூன்று பேரும் சேர்ந்து இதுவரை அழுததே இல்லை.

அப்புறம் அவர் முகம் கழுவிக்கொண்டு வந்து பசிக்குது என்பார். நாலு தட்டு எடுக்க என் கை போகும். மூன்று போதும் என்று சொல்.

அக்கா